நாலு வரித் தீர்ப்பு

'சுமார்' என்ற சொல் நமக்குப் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு எண்ணிக்கை, கணக்கு என்று கண்ணியமான அர்த்தம். உருதுக்காரர்களோடு தெற்கே வந்து, கச்சேரிகளிலும் கணக்குப்பிள்ளைகளின் நோட்டுகளிலும் சில காலம் வேலை பார்த்திருக்கவேண்டும். "சுமார் நூறு ரூபாய்", "சுமார் பத்துக் கலம்" என்று, சரியாகத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதற்கு உதவியது. அப்புறம் எப்பொழுதோ ஒரு நாள், பக்கத்தில் எண் இல்லாமலே தனியாக நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. "சாம்பார் எப்படி?" "சுமார்." "மாப்பிள்ளை எப்படி?" "சுமார்." இதில் புகாரும் இல்லை, பாராட்டும் இல்லை. கேட்டவர் மேற்கொண்டு கேட்கமாட்டார் என்பது ஒன்றுதான் லாபம்.

நான் ஐந்து வருஷ காலம் இந்த ஒரு சொல்லை விற்றுச் சாப்பிட்டவன்.

நாவல் எழுதுகிறவன் என்றுதான் வாசகர்களுக்கு என்னைத் தெரியும். நாவல் எழுதியே வீட்டு வாடகை கொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறார்கள். நான் அந்த ரகம் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மூன்றாவது வருஷத்துக்குப் பணம் கட்ட வழியில்லாமல் வெளியே வந்தவனுக்கு எழுத்துத்தான் உத்தியோகம் என்று ஏற்பட்டபோது, எந்த எழுத்தாக இருந்தால் என்ன என்று தோன்றியது. ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். டெலிவிஷனில் அந்த வாரம் வரப்போகும் பழைய படங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதவேண்டும் என்றார்.

"கலை, கலாசாரம் எல்லாம் வேண்டாம். பார்க்கலாமா, வேண்டாமா? அவ்வளவுதான். படத்துக்கு நாலு வரி. ஐந்தாவது வரி எழுதினீர்களானால் நானே வெட்டிவிடுவேன்" என்றார். அவர் கையில் பென்சில் இருந்தது. சொன்னதைச் செய்யக்கூடியவர் என்று முகம் சொல்லியது.

வாரத்துக்கு இருபது படம். குடும்பஸ்தன் ஒருவன் வாரத்துக்கு இருபது படம் பார்க்கமுடியுமா? வாடகைக்கு வி.சி.டி. வாங்கி வந்து எட்டுப் படம் பார்ப்பேன். ஐந்தாறு, சிறு வயதில் பார்த்த ஞாபகத்தில் எழுதுவேன். மீதியை, பார்த்தவர்களைக் கேட்டு எழுதுவேன். பார்த்த எட்டிலும் பாதியை இடைவேளையோடு நிறுத்திவிடுவது உண்டு. இதை இப்பொழுது ஒப்புக்கொள்வதில் எனக்கு நஷ்டம் இல்லை. பக்கத்தை நிறுத்தி வெகு காலமாகிறது.

இந்த வேலையில் முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்தது. நல்ல படத்துக்குத் தீர்ப்பு எழுதுவது சுலபம். மோசமான படத்துக்கு எழுதுவது இன்னும் சுலபம். பேனா தானாகவே ஓடும். எழுதி முடித்தபிறகு அன்றைக்குச் சாப்பாடு கூட ருசியாக இருக்கும். ஆனால் இருபதில் நல்லது இரண்டு, மோசம் இரண்டு என்று கழித்துவிட்டால், மீதிப் பதினாறு இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கியது. அவற்றில் எதுவும் பிரமாதமாக இல்லை. எதுவும் கெட்டும் போகவில்லை. கதாநாயகன் நல்லவன். அம்மா அழுகிறாள். வில்லன் கடைசியில் கைதாகிறான். இப்படிப் பதினாறு படத்துக்குப் பதினாறு விதமாக என்ன சொல்வது? "ஒருமுறை பார்க்கலாம்." "பொழுதுபோகும்." "பாட்டுக்களுக்காக." "குடும்பத்தோடு பார்க்கலாம்." இந்த நாலையும் சீட்டுக்கட்டு மாதிரி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

'ஆனந்த விகடன்' பரீட்சைத் தாளுக்குப் போடுவதுபோல் படங்களுக்கு மார்க் போட்டதை வாசகர்கள் அறிவார்கள். 1977-ல் வந்த '16 வயதினிலே'க்கு 62½ கொடுத்தார்கள். அந்த அரை மார்க்கை நினைத்து நான் பல நாள் வியந்திருக்கிறேன். 62-க்கும் 63-க்கும் நடுவே நின்றுகொண்டு, மனசாட்சியோடு யாரோ போராடியிருக்கவேண்டும். ஆனால் உயரத்தில் நின்று போராடுவது கௌரவமான விஷயம். நாற்பதுக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற படங்கள்தான் ஏராளம். 41 வாங்கிய படத்துக்கும் 42 வாங்கிய படத்துக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரிந்தவரை, பார்த்தவர் அன்று மத்தியானம் தூங்கினாரா இல்லையா என்பதுதான்.

சுமார் படங்களுக்கு ஒரு சக்கரவர்த்தி உண்டு என்றால் அது ஜெய்சங்கர்தான். அவமரியாதையாகச் சொல்லவில்லை. 1965-ல் 'இரவும் பகலும்' படத்தில் அறிமுகமாகி, அதன் பிறகு வரிசையாகப் படங்கள் நடித்தார். வெள்ளிக்கிழமைதோறும் அவர் படம் ஏதாவது வெளிவரும் என்று 'வெள்ளிக்கிழமை நாயகன்' என்றே பெயர். பெரிய நட்சத்திரங்களின் பக்கம் போகமுடியாத சிறு முதலாளிகளுக்கு அவர் தேதி கொடுத்தார். துப்பறிந்தார், காதலித்தார், குதிரை ஏறினார். 2000-ல் அவர் காலமானபோது, அவருடைய படங்களில் எதுவுமே என் மனத்தில் தனியாக நிற்கவில்லை. ஆனால் அவர் நின்றார். இது எப்படி என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அந்தப் படங்களுக்கு நான் எழுதிய தீர்ப்புகளில் சில இன்னும் ஞாபகம் இருக்கின்றன. 'இரவும் பகலும்': "புதுக் கதாநாயகனுக்குப் பயமே இல்லை. ஆனால் படம் அசோகனுடையது. சொந்தக் குரலில் பாடியும் இருக்கிறார். அந்தப் பாட்டு முடிந்ததும் எழுந்து மற்ற வேலையைக் கவனிக்கலாம்." 'வல்லவன் ஒருவன்' (1966): "சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த துப்பறியும் படம். எதிரிகள் குறி பார்த்துச் சுடப் பழகவில்லை." 'யார் நீ?' (1966): "1964-ல் இந்தியில் 'வோ கோன் தீ' என்று வந்ததன் தமிழ். இசை வேதா, மெட்டுக்கள் மதன் மோகனுடையவை. கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவேண்டிய படம்." 'பட்டணத்தில் பூதம்' (1967): "'அந்த நாள்' எழுதிய ஜாவர் சீதாராமன் இதில் பூதமாக வருகிறார். ஜாடிக்குள் இருக்கும்போதும் வெளியே வரும்போதும் அவரைப் போல் நிம்மதியாக யாரும் இல்லை. குழந்தைகளுக்கு." 'கங்கா' (1972): "தொப்பி போட்டவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்காமல் இருந்தால், கர்ணனின் காமிராவை ரசிக்கலாம்."

படிக்கும்போது சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. பஸ்ஸில் யாராவது அந்தப் பக்கத்தைப் படித்துச் சிரித்தால் எனக்கு வயிறு நிறைந்துவிடும். நாவலைப் படித்து யாரும் பஸ்ஸில் சிரித்து நான் பார்த்ததில்லை.

எஸ். பாலசந்தரின் 'பொம்மை' (1964) விஷயத்தில்தான் முதல் அடி விழுந்தது. ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு. பொம்மை கை மாறிக் கை மாறிப் போகிறது. இரண்டு மணி நேரம் பார்த்தேன். குண்டு வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் என் தீர்ப்பு மாறாது என்று நிறுத்திவிட்டு, "மெதுவாக நகரும் மர்மம், ஜேசுதாஸ் தமிழில் பாடிய முதல் படம் என்பதற்காகப் பார்க்கலாம்" என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. "படம் முடிந்ததும் டைரக்டர் திரையில் வந்து நின்று, படத்தில் வேலை செய்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நமக்கு அறிமுகம் செய்துவைக்கிறாரே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? தாங்கள் படம் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தது. கையெழுத்து, வயதானவர் கையெழுத்து.

மறுபடியும் வி.சி.டி.யை வாங்கி வந்து, கடைசிப் பகுதியை மட்டும் போட்டுப் பார்த்தேன். வாஸ்தவம்தான். காமிராவுக்குப் பின்னால் நின்றவர்கள் முன்னால் வருகிறார்கள். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் முகத்தின் மேல் வெளிச்சம் போட்டவர்களுக்கு, தங்கள் முகத்தின் மேல் வெளிச்சம் விழுந்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. படம் சுமார் என்ற என் அபிப்பிராயத்தை அது மாற்றவில்லை. ஆனால் எதைச் சுமார் என்று சொன்னேன் என்பது அப்பொழுதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்கு ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். இனிமேல் எந்தப் படத்தையும் 'வணக்கம்' போடும்வரை பார்க்காமல் எழுதுவதில்லை.

அந்தச் சங்கல்பம்தான் என்னை இதைவிடப் பெரிய வம்பில் கொண்டுபோய்விட்டது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம்.

நாவல் எழுதுகிறவன் சினிமாவுக்குத் தீர்ப்பு எழுதுவது புதிதல்ல. கல்கி, 'விகட'னில் இருந்த காலத்தில் 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீதத்தையும் நாட்டியத்தையும் ஒரு கை பார்த்தார். சினிமாவையும் விட்டுவைக்கவில்லை. பிறகு 1939-ல் அவருடைய 'தியாகபூமி'யே படமாக வந்தது. அதுவரை குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்த வக்கீல், திடீரென்று கூண்டில் ஏறி நிற்கவேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் கிரஹாம் கிரீன் நாலரை வருஷத்தில் நானூறு படங்களுக்கு மேல் விமரிசனம் எழுதினார். ஒன்பது வயதுக் குழந்தை நட்சத்திரம் ஷிர்லி டெம்பிளைப் பற்றி 1937-ல் அவர் எழுதிய ஒரு விமரிசனத்தின்மேல் அவதூறு வழக்குப் போட்டார்கள். 1938-ல் 3,500 பவுன் கட்டவேண்டி வந்தது. அதில் 500 பவுன் கிரீனின் தலையில் விழுந்தது. மனுஷர் அப்பொழுது மெக்ஸிகோவில் இருந்தார். அந்தப் பயணத்திலிருந்து அவருக்கு ஒரு சிறந்த நாவல் கிடைத்தது என்பது வேறு கதை. நமக்கெல்லாம் வழக்கு வந்தால் நாவல் வராது.

நம் அசோகமித்திரன் இன்னொரு கரையில் இருந்தவர். 1952-லிருந்து 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் உத்தியோகம். பத்திரிகைகளில் வந்த செய்திகளையும் கட்டுரைகளையும் கத்தரித்து, கோப்பில் சேர்த்துவைப்பது அவர் பார்த்த வேலைகளில் ஒன்று. சினிமாக்காரர்களைப் பற்றி 'கரைந்த நிழல்கள்' என்ற நாவலை எழுதியவர் கையில், வருஷக்கணக்காக ஒரு கத்தரிக்கோல் இருந்திருக்கிறது. நான் நாலு வரி எழுதும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வரும். எங்கோ ஒரு நாற்காலியில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, நான் அரைத் தூக்கத்தில் எழுதியதைக் கத்தரித்துப் பசை தடவிக்கொண்டிருப்பாரோ?

அப்படிக் கத்தரித்து ஒட்டியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் தாயார்.

அம்மா மன்னார்குடியில் என் தம்பி வீட்டில் இருந்தாள். என் நாவல்களை அவள் படித்ததில்லை. "உன் கதையில எல்லாரும் ரொம்ப யோசிக்கிறாங்கடா" என்பாள். ஆனால் இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படித்து, கத்தரித்து, தம்பி ஆபீசில் கொடுத்த பழைய டைரி ஒன்றில் ஒட்டிவைத்தாள். பிள்ளை எழுதியது என்ற பெருமைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கலாம். உண்மையில் அவள் அந்தப் பக்கத்தில் ஒரு படத்தின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்று வாசகர்களுக்கு இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும். அறுபதுகளில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பெரிய வீடு, ஒரு கொலை, வீடு நிறைய உறவுக்காரர்கள், ஒவ்வொருவர் மேலும் ஒரு சந்தேகம். அந்த வாரத்து இருபதில் அதுவும் ஒன்று. சங்கல்பப்படி கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். இரண்டே முக்கால் மணி நேரம். அன்றைக்கு எனக்கு ஜுரம். வீட்டில் வேறு ஏதோ மனஸ்தாபம். படம் முடிந்தபோது, இதற்காகவா உட்கார்ந்தோம் என்று ஆத்திரமாக வந்தது. எழுதினேன்:

"பங்களாவில் கொலை. கொலை செய்தவர் இன்னார் என்பதை, முதல் காட்சியில் அவர் காபி ஆற்றும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பாட்டுக்கள் சுமார். தூக்கம் வராதவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்."

'இன்னார்' என்ற இடத்தில், அந்த நடிகரின் பெயரையே போட்டிருந்தேன். ஆசிரியர் படித்துச் சிரித்தார். பென்சிலை எடுக்கவில்லை.

பத்திரிகை வியாழக்கிழமை ஊருக்குப் போகும். அன்று ராத்திரி அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவளாகப் போன் செய்வது அபூர்வம். செய்தாலும், முதலில் பேரன் பேத்திகளை விசாரிப்பாள். அன்று விசாரிக்கவில்லை.

"தம்பி, உன் பக்கத்தைப் படிச்சேன்."

"எப்படி இருந்துதும்மா?"

"நல்லாத்தான் எழுதியிருக்க." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்த ஆளாடா?" என்றாள்.

"எந்த ஆளு?"

"கொலை பண்ணினது."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது.

1968-ல் அம்மாவுக்குப் பதின்மூன்று வயது. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். ஒன்றரை மைல் வரப்பில் நடந்து போனால் டூரிங் டாக்கீஸ். தாத்தா பெண்களைச் சினிமாவுக்கு அனுப்பாதவர். பெரிய மாமா எப்படியோ கெஞ்சிக் கூத்தாடித் தங்கையை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். மணல் தரை. ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் மூன்று நாலு இடைவேளை. மூன்றாவது இடைவேளை முடிந்து படம் ஆரம்பித்ததும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகியது. கதாநாயகி கையில் விளக்கோடு மாடிப்படி ஏறுகிறாள். திரை நனைந்து அவள் முகத்தின் மேல் தண்ணீர் கோடு கோடாக இறங்குகிறது. ஆபரேட்டர் சாக்கை எடுத்து மெஷின்மேல் போட்டு மூடிவிட்டார். "நாளைக்கு இதே டிக்கெட்டைக் கொண்டாங்க" என்று முதலாளி வாசலில் நின்று கத்தினார். நாளைக்கும் மழை. மழை விட்டு மூன்றாம் நாள் பெரிய மாமா போய்ப் பார்த்தபோது, பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

அவ்வளவுதான். அப்புறம் கல்யாணம், மாமியார் வீடு, நாங்கள் மூன்று பேர், அப்பாவின் வியாதி. டெலிவிஷன் எங்கள் வீட்டுக்கு வந்ததே அப்பா போனபிறகுதான். அந்தப் படத்தைப் போட்டார்களோ இல்லையோ, போட்டபோது கரண்டு இருந்ததோ இல்லையோ, அம்மாவின் கண்ணில் அது படவே இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"யாரையாவது கேட்டிருக்கலாமேம்மா? பெரிய மாமா பிற்பாடு பார்த்திருப்பாரே?"

"கேட்டா சொல்லிடுவாங்களேடா" என்றாள்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாற்பது வருஷமாக ஊர் முழுவதிலும் யாரிடமும் கேட்காமல் காத்துவைத்திருந்ததை, அவள் பிள்ளை, ஜுரத்தில், காபி ஆற்றுவதைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்வதற்காக உடைத்துவிட்டான். அதையும் அவளே காசு கொடுத்து வாங்கிப் படித்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்ன, விடு. நீ உன் வேலையைச் செஞ்ச" என்றாள். அதில் கோபம் இருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

என் மூன்றாவது நாவல் வெளிவந்தபோது ஒரு பத்திரிகையில் அதற்கு ஒன்றரை வரி விமரிசனம் வந்தது. "குடும்பக் கதை. நடை பரவாயில்லை, ரெயில் பிரயாணத்துக்கு ஏற்றது." மூன்று வருஷம் எழுதின நாவல் அது. ஒரு மாதம் வரை அந்த விமரிசகரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். புஸ்தகத்தைக் கடைசிவரை படித்தாரா என்று கூட அவருக்குக் கடிதம் எழுதி, தபாலில் சேர்க்காமல் கிழித்துப் போட்டேன். அம்மாவின் போனுக்குப் பிறகு அவர் ஞாபகம் வந்தது. அவர் முன்னாலும் அன்று பதினாறு புஸ்தகம் இருந்திருக்கும். அவருக்கும் ஜுரமோ என்னவோ.

சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் படம். என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஆச்சரியம். "இதுக்காகவா வந்த?" என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்று பொய் சொன்னேன். எனக்கு ஆபீஸ் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். சாப்பாடு ஆனதும், தம்பி பெண்டாட்டி ஊர்க் கல்யாணம் ஒன்றுக்குக் கிளம்பிப் போனாள். நானும் அம்மாவும்தான். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் பாயைப் போட்டு, சுவரில் சாய்ந்துகொண்டாள். வெற்றிலைப் பெட்டி பக்கத்தில்.

நான் சில நாளைக்கு முன்னால் பார்த்த அதே படம்தான். பெரிய வீடு, கொலை, உறவுக்காரர்கள். ஆனால் அம்மா படத்தைப் பார்க்கவில்லை, அதோடு பேசிக்கொண்டிருந்தாள். "இவ புடவையைப் பாரு, அப்பல்லாம் இந்தக் கரைதான்." "இந்தக் கிழவன் பொய் சொல்றான்." பாட்டு வந்தபோது வாயை மூடிக்கொண்டு கேட்டாள். நான் சுமார் என்று எழுதிய பாட்டு. அவளுக்கு அடுத்த அடி ஒவ்வொன்றும் தெரிந்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. நடு நடுவே சோப்பு விளம்பரம் வந்தபோது எரிச்சல்படவில்லை. ரீல் மாற்றுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ.

கதாநாயகி விளக்கை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"இங்கதான்" என்றாள் அம்மா. "இங்கதான் மழை வந்துது."

அவள் கையிலிருந்த வெற்றிலை, சுண்ணாம்பு தடவினது, அப்படியே நின்றது. கதாநாயகி மேல்படிக்குப் போய், கதவைத் திறந்து, உள்ளே போய்விட்டாள். அவ்வளவு காலம் படியிலேயே நின்றவள். அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீ யாருன்னும்மா நெனச்சிருந்த?" என்று கேட்டேன்.

அவள் சொன்ன ஆளைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டில் சின்ன வேலைகள் செய்துகொண்டு, நாலைந்து காட்சியில் மட்டும் வந்து போகும் ஓர் ஆள். படம் எடுத்தவர்களே அவனை மறந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். நானும் மறந்திருந்தேன்.

"அவனையா? அவன் எதுக்கும்மா கொலை பண்ணணும்?"

"மொதல்லேருந்து பாரு. எல்லாரும் அவனை வாடா போடாங்கறாங்க. எல்லாருக்கும் அவன்தான் சாப்பாடு எடுத்து வைக்கிறான். நீ சாப்பிட்டியான்னு அந்த வீட்டுல ஒருத்தர் கேக்கலை."

மேலும் சொன்னாள். அவன் எப்பொழுது சாவியை எடுத்திருப்பான், மாடியில் என்ன நடந்திருக்கும், கதாநாயகியை ஏன் கொல்லாமல் விடுவான், கடைசியில் போலீசிடம் என்ன சொல்லுவான் என்று எல்லாமே அவளிடம் இருந்தது. வரப்பில் நனைந்துகொண்டு வீடு திரும்பும்போது ஆரம்பித்து, நெல் அவிக்கும்போதும், அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் துணை இருந்தபோதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது என்றாள். நான் கூலிக்குத் துப்பறியும் கதைகளும் எழுதியவன். எந்த இடத்திலும் எனக்குப் பிடி கிடைக்கவில்லை.

திரையில் நிஜமான கொலைகாரர் மாட்டிக்கொண்டார். நீளமாகப் பேசினார். விலங்கு பூட்டினார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் தோட்டத்தில் சிரித்தார்கள். 'வணக்கம்' வந்தது.

"தப்பா எடுத்துட்டாங்க" என்றாள் அம்மா.

எழுந்து பாயைச் சுருட்டினாள். அலமாரியிலிருந்து டைரியை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். அந்த வாரத்துப் பக்கமும் மற்றவை மாதிரியே ஓரம் பிசகாமல் கத்தரித்து ஒட்டப்பட்டிருந்தது. பசை இன்னும் சரியாகக் காயவில்லை.

"மழை வந்ததே நல்லதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே, பாலுக்கு உறை ஊற்ற உள்ளே போனாள்.